தோள்பட்டை ஜவ்வு கிழிந்தால் அறுவை சிகிச்சை வேண்டுமா? முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

எனக்கும் என் அண்ணனுக்கும் தோள்பட்டையில் ஜவ்வு கிழிந்தது. இரண்டு பேரின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டிலும் ஏறத்தாழ ஒரே வாசகம்தான்: சுப்ராஸ்பைனேட்டஸ், ஃபுல் திக்னஸ் டேர். எனக்கு முதல் சந்திப்பிலேயே, தோளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "ஆபரேஷன் பண்ணிடலாம், தேதி சொல்லுங்க" என்றார்கள். அண்ணனுக்கோ ஸ்கேன்கூட எடுக்காமல், "சுளுக்குதான், கையை ஆட்டிக்கிட்டே இருங்க, சரியாயிடும்" என்று நான்கு மாதம் ஓட்டினார்கள். நடந்திருக்க வேண்டியது நேர்மாறு. எனக்கு அறுவை தேவைப்படவே இல்லை. அண்ணனுக்கு அது முதல் சில வாரங்களுக்குள் நடந்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு தவறுகளையும் பக்கத்தில் இருந்து பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் தோளைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் இடத்தை எந்தக் கட்டுரையும் எடுத்துக்கொள்ள முடியாது. அவர் முன்னால் போய் உட்காரும்போது எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் முடிவு உங்கள் கையில் இருக்கும். இந்த நோயில் சிலருக்குத் தாமதம் ஆபத்து, சிலருக்கு அவசரம் ஆபத்து. நீங்கள் எந்தப் பக்கம் என்பதைத்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

கிழிவது எது?

பேச்சில் எல்லாவற்றையும் ஜவ்வு என்கிறோம். முழங்காலில் கிழிவதும் ஜவ்வு, கணுக்காலில் பிசகுவதும் ஜவ்வு. தோளில் பெரும்பாலும் கிழிவது தசைநாண், அதாவது தசையின் நுனி எலும்போடு ஒட்டும் பட்டையான கயிறு. தோள்மூட்டு என்பது ஆழமில்லாத சின்னக் கிண்ணத்தில் பெரிய பந்தை வைத்தது போன்ற அமைப்பு. அந்தப் பந்தை நழுவவிடாமல் நடுவில் பிடித்து நிறுத்த நான்கு தசைகள் இருக்கின்றன. மேலே சுப்ராஸ்பைனேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரஸ் மைனரும், முன்னால் சப்ஸ்கேப்புலாரிஸ். இந்த நான்கின் நாண்களும் பந்தின்மேல் உறைபோலக் கவிந்திருப்பதைத்தான் ரொட்டேட்டர் கஃப் என்கிறார்கள். அதிகம் கிழிவது மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ்.

கையைத் தூக்கும் பெரிய வேலையைச் செய்வது தோளின் வெளிப்பக்கம் உருண்டு தெரியும் டெல்டாய்டு தசை. முன்னாலும் பின்னாலும் இருக்கும் நாண்கள் பந்தைச் சமமாக இழுத்துப் பிடிக்கும்வரை, மேலே ஓர் ஓட்டை இருந்தாலும் டெல்டாய்டு கையைத் தூக்கிவிடும். கிழிந்தவர்களில் பலர் கையை முழுக்கத் தூக்குவதற்குக் காரணம் இதுதான். பிசியோதெரபி வேலை செய்வதும் இதனால்தான். பயிற்சி அந்த ஓட்டையை ஒட்டவைப்பதில்லை. மிச்சமிருக்கும் தசைகளுக்குச் சுமையைப் பகிர்ந்துகொள்ளக் கற்றுக்கொடுக்கிறது. இதை யாரும் எனக்கு ஆரம்பத்தில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "கிழிஞ்ச ஜவ்வு பயிற்சியில எப்படி ஒட்டும்?" என்று இரண்டு மாதம் மனதுக்குள் புழுங்கியிருக்க மாட்டேன்.

முதல் படி: எப்படிக் கிழிந்தது என்று யோசியுங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. ரிப்போர்ட்டைத் திறப்பதற்கு முன்பே இதற்குப் பதில் வைத்திருங்கள்.

ஒரு வகை, மெல்ல மெல்ல வந்த வலி. எப்போது ஆரம்பித்தது என்றே சொல்லத் தெரியாது. சட்டை போடும்போது சுருக்கென்றது, இரவில் அந்தப் பக்கம் படுத்தால் விழிப்பு வந்தது, ஆறு மாதம் கழித்து ஸ்கேனில் கிழிசல் என்று வந்தது. இது வயதோடு நாண் தேய்ந்து நைந்து வரும் கிழிசல். எனக்கு வந்தது இதுதான்.

மற்றது, ஒரு நொடியில் வந்தது. படியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார், கனமான பொருளைச் சட்டென்று பிடித்தார், வண்டியிலிருந்து தோள் தரையில் மோத விழுந்தார். அதற்கு முந்தைய நாள்வரை தோளில் எந்தத் தொல்லையும் இல்லை. விழுந்த மறுநாளிலிருந்து கையைத் தூக்க முடியவில்லை. அண்ணன் 52 வயதில் ஏணியிலிருந்து விழுந்தது இப்படித்தான்.

இரண்டாவது வகையில் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. அறுந்த நாணைத் தசை பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். வேலையில்லாத தசை மெலியும். அப்புறம் தசை இருந்த இடத்தில் கொழுப்பு ஏறும். அந்த நிலைக்குப் போன தசையைப் பின்னால் தைத்தாலும் பழையபடி ஆக்குவது மிகக் கடினம். அதனால் விபத்தில் கிழிந்து, கையில் வலு போயிருந்தால், முதல் சில வாரங்களுக்குள் எலும்பு மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். அறுவை தேவை என்றால் பெரும்பாலான மருத்துவர்கள் மூன்று மாதத்துக்குள் செய்துவிட விரும்புவார்கள். முடிந்தால் அதைவிடச் சீக்கிரம். விழுந்தபின் எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு உடையல, பயப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார்களா? எக்ஸ்ரேயில் நாண் தெரியாது. இரண்டு மூன்று வாரமாகியும் கையைப் பக்கவாட்டில் தூக்க முடியாவிட்டால் திரும்பிப் போய்க் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. 40 வயதைத் தாண்டியவருக்கு முதல்முறையாகத் தோள் மூட்டு நழுவி, அதைச் சரியாக உட்கார வைத்துவிட்டார்கள் என்றால், நாணும் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மூட்டு உள்ளே போய்விட்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

இரண்டும் கலந்தும் வரும். ஏற்கெனவே கொஞ்சம் நைந்திருந்த நாண், சின்ன விழுதலில் பெரிதாகக் கிழியும். "முன்னாடியே லேசா வலி இருந்துச்சு, விழுந்ததுக்கப்புறம் கையே தூக்க வரல" என்றால் அதை விபத்துக் கிழிசலாகவே கருதி ஓடுங்கள்.

இரண்டாம் படி: வலியா, வலுவின்மையா?

வலிக்கிறது என்பதும் வலு இல்லை என்பதும் வேறு வேறு. வலிக்கு அறுவை அல்லாத வழிகள் நிறைய இருக்கின்றன. உண்மையான வலுவின்மை, அதிலும் திடீரென்று வந்தது, அறுவைப் பக்கம் தராசைச் சாய்க்கும்.

கண்ணாடி முன் நின்று மெதுவாகச் சில அசைவுகளைச் செய்து பாருங்கள். கட்டாயப்படுத்த வேண்டாம். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது சுமார் 60 டிகிரியிலிருந்து 120 டிகிரிவரை வலித்து, அதற்குமேல் போனதும் வலி குறைந்தால், அது ரொட்டேட்டர் கஃப் பகுதியின் வலியாக இருக்கலாம். கிழிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்படி வரும். அடுத்து, இன்னொருவரைவிட்டுக் கையைத் தோள் உயரம்வரை தூக்கச் சொல்லி, அவர் விட்டதும் மெல்ல இறக்கிப் பாருங்கள். நிறுத்த முடியாமல் கை தொப்பென்று விழுந்தால் பெரிய கிழிசலைச் சந்தேகிக்கலாம். உள்ளங்கையை வயிற்றில் வைத்து, முழங்கை முன்பக்கமாக இருக்க, வயிற்றை அழுத்துங்கள். முழங்கை பின்னால் போய் விழுகிறதென்றால் முன்பக்க நாணான சப்ஸ்கேப்புலாரிஸ் பலவீனமாக இருக்கலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தால் பின்பக்க நாண்களின் நிலை தெரியும். மற்ற கையோடு ஒப்பிடுங்கள்.

வலியே வலுவைக் கட்டிப்போடுவதும் உண்டு. கிழிசல் சின்னதாக இருந்தும் வலிக்குப் பயந்து தசை ஒத்துழைக்காது. இதைப் பிரித்துப் பார்க்க மருத்துவர் தோளில் மரத்துப்போகும் ஊசி போட்டு, வலி அடங்கியதும் மறுபடி தூக்கச் சொல்வார். அப்போது கை எழுந்தால் அது வலி செய்த வேலை. வலி போயும் எழவில்லையென்றால் நாண் உண்மையிலேயே வேலை செய்யவில்லை. எனக்கு இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் இதைச் செய்தார். ஊசி போட்டுப் பத்து நிமிடத்தில் கை தலைக்குமேல் போனது. என் வழி தெளிவானது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

தோள் வலி எல்லாம் நாண் கிழிசல் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் தூக்கினாலும் எழவில்லை, இன்னொருவர் தூக்கினாலும் எழவில்லை, மூட்டே இறுகிப் பூட்டியது போல இருக்கிறது என்றால் அது ஃப்ரோசன் ஷோல்டராக இருக்கலாம். கிழிசலில் நீங்கள் தூக்கினால் எழாது, இன்னொருவர் தூக்கினால் எழும். நாணின் வலி பெரும்பாலும் மேற்கையின் வெளிப்பக்கம் தெரியும், முழங்கைக்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்கும். விரல்வரை மதமதப்பும் மின்னல் போன்ற வலியும் ஓடினால் கழுத்து நரம்பைப் பார்க்க வேண்டும். தோள் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தாலோ, தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் இருந்தாலோ, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மூன்றாம் படி: ரிப்போர்ட்டைப் பயமில்லாமல் படியுங்கள்

ஃபுல் திக்னஸ் டேர், அதாவது முழுக்கிழிசல், என்றதும் நாண் இரண்டு துண்டாக அறுந்து தொங்குகிறது என்றே நான் நினைத்தேன். அப்படி இல்லை. ஒரு தடித்த துணியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை துளை விழுந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். துளை சிறியதாகவும் இருக்கலாம், பெரியதாகவும் இருக்கலாம். துணி துளைபடாமல் ஒரு பக்கம் மட்டும் நைந்திருந்தால் பார்ஷியல் டேர், அதாவது பகுதிக் கிழிசல். நாணின் பருமனில் பாதிக்கும் குறைவாக நைந்திருந்தால் பெரும்பாலும் அறுவைப் பேச்சே எழாது.

துளையின் அளவைச் சென்டிமீட்டரில் தருவார்கள். 1 சென்டிமீட்டருக்குக் கீழ் சிறியது, 1 முதல் 3 நடுத்தரம், 3 முதல் 5 பெரியது, 5க்கு மேல் மிகப் பெரியது. இரண்டு நாண்களோ அதற்கு மேலோ முழுதாக அறுந்திருந்தாலும் மிகப் பெரியது என்று வகைப்படுத்துவது உண்டு.

அளவைவிட நான் முதலில் தேடச் சொல்வது மூன்று சொற்களை. ரிட்ராக்‌ஷன்: அறுந்த நுனி எவ்வளவு தூரம் பின்னுக்குப் போயிருக்கிறது. அட்ரோஃபி: தசை எவ்வளவு மெலிந்திருக்கிறது. ஃபேட்டி இன்ஃபில்ட்ரேஷன்: தசைக்குள் எவ்வளவு கொழுப்பு ஏறியிருக்கிறது. கடைசியில் சொன்னதை கூட்டாலியே என்ற பிரெஞ்சு மருத்துவர் பெயரில் 0 முதல் 4 வரை படிநிலையாகக் குறிப்பார்கள். 0 என்றால் கொழுப்பே இல்லை. 2 என்றால் கொழுப்பு இருக்கிறது, தசைதான் அதிகம். 3 என்றால் இரண்டும் சமம். 4 என்றால் தசையைவிடக் கொழுப்பு அதிகம். 3, 4 வந்துவிட்டால் தைத்தாலும் ஒட்டும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ஒட்டினாலும் அந்தக் கொழுப்பு திரும்பத் தசையாவதில்லை. அண்ணனுக்கு ஸ்கேன் எடுத்தபோது நுனி கிண்ணத்தின் விளிம்புவரை போயிருந்தது, படிநிலை 3. ஒரே தலைப்பு வாசகம் கொண்ட இரண்டு ரிப்போர்ட்டுகளும் வேறு வேறு கதை சொன்னது இந்த அடிவரிகளில்தான். ரிப்போர்ட்டில் இவை எழுதப்படவில்லை என்றால் மருத்துவரையே படத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1995இல் அமெரிக்காவில் தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, 54 சதவீதம் பேருக்கு, ஏதோ ஒரு வகைக் கிழிசல் இருந்தது. வலியில்லை, குறையில்லை, கிழிசல் மட்டும் இருந்தது. என் மருத்துவர் அல்ட்ராசவுண்ட் கருவியை வலிக்காத என் இடது தோளிலும் வைத்துப் பார்த்தார். அங்கேயும் ஒரு சின்னக் கிழிசல். அந்தக் கையால்தான் நான் அதுவரை எல்லா வேலையும் செய்துகொண்டிருந்தேன். படத்தில் கிழிசல் தெரிவதால் மட்டும் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. தொட்டுப் பார்த்ததும் படமும் ஒத்துப்போக வேண்டும்.

முழுக்கிழிசலைக் கண்டுபிடிக்க அனுபவமுள்ளவர் செய்யும் அல்ட்ராசவுண்டும் எம்.ஆர்.ஐ.க்கு ஏறத்தாழ இணையானதுதான். தசையின் நிலையையும் நுனி பின்னுக்குப் போனதையும் முழுமையாகப் பார்க்க எம்.ஆர்.ஐ. வசதி.

நான்காம் படி: மெல்ல வந்த கிழிசல் என்றால் பயிற்சிக்கு உண்மையான வாய்ப்புக் கொடுங்கள்

அமெரிக்காவில் பல மையங்கள் சேர்ந்து நடத்திய மூன் என்ற ஆய்வில், விபத்தில்லாமல் வந்த முழுக்கிழிசல் உள்ள 452 பேருக்கு முறையான பிசியோதெரபி கொடுத்தார்கள். விருப்பப்பட்டால் எப்போது வேண்டுமானாலும் அறுவைக்கு மாறலாம். இரண்டு ஆண்டில் மாறியவர்கள் நால்வரில் ஒருவர் அளவுக்குத்தான். மாறியவர்களில் பெரும்பாலோர் முதல் 12 வாரங்களிலேயே மாறிவிட்டார்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் அந்த எண்ணிக்கை பெரிதாக ஏறவில்லை, சுமார் 27 சதவீதம். யார் அறுவைக்குப் போனார்கள் என்று பார்த்தால், கிழிசலின் அளவைவிட, "பயிற்சியால எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்ற எண்ணம்தான் பெரிய காரணமாக இருந்தது. நம்பிக்கையில்லாமல் வாரம் ஒருமுறை போய்க் கையை நீட்டிவிட்டு வருவது பயிற்சி இல்லை என்பதை நான் என் அனுபவத்திலும் சொல்வேன்.

எப்படிச் செய்வது? முதல் சில வாரங்கள் வலியைத் தணிப்பதும் அசைவைத் திரும்பக் கொண்டுவருவதும்: குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது, மல்லாந்து படுத்து ஒரு கோலை இரு கையால் பிடித்து நல்ல கையின் உதவியோடு தூக்குவது, சுவரில் விரல்களை நடக்கவிட்டு ஏற்றுவது. இவற்றைத் தினமும் செய்யலாம். அப்புறம் தோள்பட்டை எலும்பைப் பின்னுக்குச் சேர்த்துப் பிடிக்கும் பயிற்சி, ரப்பர் பட்டையால் முன்கையை வெளியே, உள்ளே திருப்பும் பயிற்சி. வலுப்பயிற்சிக்கு வாரத்தில் மூன்று நாள் போதும், நடுவில் ஓய்வு வேண்டும். செய்யும்போது லேசாக வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அடங்கினால் சரி. அன்று இரவுத் தூக்கம் கெட்டால் அளவு அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். கனத்தைத் தலைக்குமேல் தூக்குவதையும் உடம்பிலிருந்து தள்ளிக் கை நீட்டிச் சுமப்பதையும் இந்தக் காலத்தில் தவிருங்கள். பிசியோதெரபிஸ்ட் நேரில் பார்த்துத் திருத்துவது முதல் மாதத்தில் மிகவும் அவசியம். நான் மூன்று வாரம் தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டே செய்திருக்கிறேன்.

கால அளவு, விடாமல் மூன்று மாதம். ஆறாவது வாரத்தில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்: தூக்கம் எப்படி, சட்டை போடுவது எப்படி, அலமாரியில் கை எட்டுகிறதா. துளியும் முன்னேற்றமில்லை என்றால் மூன்று மாதம் முடியக் காத்திருக்காமல் மருத்துவரிடம் பேசுங்கள்.

வலி பயிற்சியையே செய்யவிடாமல் தடுத்தால் ஒரு ஸ்டீராய்டு ஊசி உதவும். அதன் பயன் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். அந்த இடைவெளியைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே போனால் நாணே பலவீனமாகும். அறுவைக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் போட்டால் தொற்று அபாயம் கூடும். அதனால் அறுவை யோசனை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும்.

அறுவை வேண்டாம் என்றால் அதோடு முடிந்ததா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வலி போனதும் எல்லோரும் மறந்துவிடுகிறோம். ஒட்டாத கிழிசல் காலப்போக்கில் பெரிதாகலாம். வலியில்லாத கிழிசல்களைச் சுமார் ஐந்து ஆண்டு பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் ஏறத்தாழ பாதி பெரிதாகியிருந்தன. நார்வேயில் 3 சென்டிமீட்டருக்கு மேற்போகாத கிழிசல் உள்ள 103 பேரை அறுவை, பிசியோதெரபி என்று பிரித்துப் பத்து ஆண்டு பார்த்தார்கள். முதல் ஆண்டுகளில் சிறிதாக இருந்த வித்தியாசம் பத்தாம் ஆண்டில் அறுவைக்குச் சாதகமாக விரிந்திருந்தது. பின்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்விலோ இரண்டு ஆண்டு முடிவில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: 70 வயதுக்காரருக்கு அடுத்த சில ஆண்டுகள் நன்றாகப் போனாலே பெரிய விஷயம். 45 வயதில் முழுக்கிழிசலோடு, கையை நம்பி வேலை செய்பவருக்கு அடுத்த இருபது ஆண்டுகளை யோசிக்க வேண்டும். இளையவர் என்றால் வலி குறைந்தாலும் தைப்பதைப் பற்றி மருத்துவரிடம் தீவிரமாகப் பேசுவது நியாயம்.

நான் ஆண்டுக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்கிறேன். வலு திடீரென்று குறைந்தால் காத்திருக்காமல் உடனே.

ஐந்தாம் படி: அறுவையின் முழுச் செலவையும் கணக்கிடுங்கள்

பணத்தைச் சொல்லவில்லை, மாதங்களைச் சொல்கிறேன். அறுவை என்பது, பெரும்பாலும் சின்னத் துளைகள் வழியே கேமரா விட்டு, எலும்பில் நங்கூரம் போன்ற சிறு ஆணிகளைப் பதித்து, அதிலிருந்து வரும் நூலால் நாணை எலும்போடு சேர்த்துக் கட்டுவது. திறந்து செய்தாலும் துளைவழி செய்தாலும் இரண்டு ஆண்டு கழித்துப் பலன் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. எனவே எந்த முறை என்பதைவிட அந்த மருத்துவருக்கு எதில் கை பழகியிருக்கிறது என்பது முக்கியம்.

கட்டிய நாண் எலும்போடு ஒட்ட ஏறத்தாழ 12 வாரம் ஆகும். முதல் 4 முதல் 6 வாரம் கை தூளியில், அதாவது கழுத்திலிருந்து கையைத் தாங்கும் பட்டையில். அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. படுத்துத் தூங்க முடியாமல் சாய்ந்த நிலையில் தூங்குபவர்கள் பலர். ஆறு வாரத்துக்குப் பின் தானாகத் தூக்கும் பயிற்சி, சுமார் மூன்று மாதத்துக்குப் பின் வலுப்பயிற்சி. கனமான வேலைக்குத் திரும்ப ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டு. உங்கள் வலது கை ஆறு வாரம் இல்லையென்றால் யார் தலை சீவிவிடுவார், யார் குழந்தையைத் தூக்குவார், வேலை இடத்தில் என்ன சொல்வீர்கள் என்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசிவிட்டுத் தேதி வாங்குங்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் போனவர்கள் மூன்றாவது வாரமே தூளியைக் கழற்றிவிடுகிறார்கள். நாண் மறுபடி பிய்வது அதிகமும் இந்த முதல் சில மாதங்களில்தான்.

தைத்தது எல்லாருக்கும் ஒட்டுவதில்லை. சிறிய கிழிசல், இளவயது, கொழுப்பேறாத தசை என்றால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. கிழிசல் பெரிதாகப் பெரிதாக, வயது ஏற ஏறக் குறைகிறது. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பெரிய கிழிசல்களைத் துளைவழி தைத்த 18 பேரில் 17 பேருக்கு மறுபடி கிழிந்திருந்தது. ஆனாலும் ஓராண்டு முடிவில் அவர்களில் பெரும்பாலோருக்கு வலி நன்றாகக் குறைந்திருந்தது. வலி போக வேண்டுமா, வலு திரும்ப வேண்டுமா என்பதைப் பிரித்துக் கேட்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். வலுவுக்கு நாண் ஒட்டியாக வேண்டும்.

புகைப்பிடிப்பவர் என்றால் நிறுத்துங்கள், நாண் ஒட்டுவதை அது நேரடியாகக் கெடுக்கிறது. சர்க்கரையின் மூன்று மாத அளவைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். மூட்டு ஏற்கெனவே இறுகியிருந்தால் முதலில் அதைத் தளர்த்திவிட்டுத்தான் பெரும்பாலும் அறுவை.

நாணைத் தைக்காமல், "மேலே எலும்பு உரசுது, அதை மட்டும் சுரண்டி விடலாம்" என்று சொன்னால் நிதானியுங்கள். 2018இல் பிரிட்டனிலும் பின்லாந்திலும் வெளியான ஆய்வுகளில், முழுக்கிழிசல் இல்லாத தோள் வலிக்கு எலும்பைச் சுரண்டியதும், கேமராவை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு மூடியதும் ஏறத்தாழ ஒரே பலனைத்தான் தந்தன.

தைக்கவே முடியாத நிலை என்றால்? டெல்டாய்டின் முன்பகுதியை வலுப்படுத்தும் தனிப் பயிற்சி முறை இருக்கிறது. மல்லாந்து படுத்துத் தொடங்கி, மெல்ல மெல்ல நிமிர்ந்து செய்வது. அண்ணன் அதைத்தான் ஓராண்டாகச் செய்கிறார். கை நெற்றிவரை வருகிறது, அதற்குமேல் இல்லை. வயதானவருக்குக் கை எழவே இல்லை, மூட்டும் தேய்ந்துவிட்டது என்றால் ரிவர்ஸ் ஷோல்டர் என்ற செயற்கை மூட்டு இருக்கிறது. பந்து இருந்த இடத்தில் கிண்ணமும் கிண்ணம் இருந்த இடத்தில் பந்தும் வைத்து, நாண்கள் இல்லாமலே டெல்டாய்டால் கையைத் தூக்க வைக்கும் அமைப்பு. 1980களில் பிரான்ஸில் பால் கிராமோன் உருவாக்கியது. 52 வயதுக்காரருக்கு அதை அவசரப்பட்டு வைக்க மாட்டார்கள். அண்ணனுக்கும் அதைத்தான் சொன்னார்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும். என் கிழிசல் விபத்தினால் வந்ததா, தேய்மானத்தால் வந்ததா? மூன்று மாதம் தள்ளிப்போட்டால் எனக்கு எதை இழக்க நேரிடும்? என் வயதில், இந்த அளவுக்கு, இந்தத் தசை நிலையில் ஒட்டும் வாய்ப்பு எவ்வளவு? உள்ளே போய்ப் பார்த்துத் தைக்க முடியாவிட்டால் என்ன செய்வீர்கள்? பின்னால் பிசியோதெரபியை யார் கவனிப்பார்கள்? இவற்றில் இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். "ஒன்றும் இழக்க மாட்டீர்கள்" என்றால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. "தசை போய்விடும்" என்று காரணத்தோடு சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் இன்னொரு மருத்துவரையும் பாருங்கள். தோள் அறுவையே அதிகம் செய்பவராக இருந்தால் நல்லது. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, எம்.ஆர்.ஐ. படங்கள் உள்ள சிடியையும் வாங்கிக்கொண்டு போங்கள். வீட்டிலிருந்து ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள், வலியில் இருப்பவருக்குப் பாதி காதில் விழாது. முதல் மருத்துவர் என்ன சொன்னார் என்பதை உட்கார்ந்ததும் சொல்லிவிடாதீர்கள். எப்படி வலி வந்தது, எதைச் செய்ய முடியவில்லை என்று மட்டும் சொல்லி, அவர் தோளைத் தொட்டு, கையைத் தூக்கச் சொல்லி, படத்தைப் பார்த்து, தன் முடிவைச் சொன்ன பிறகு மற்றதைச் சொல்லுங்கள்.